வெளிநாட்டில் நல்லபடியாகச் சாப்பிடுவது எப்படி: கிளம்பும் நாள் முதல் ஓராண்டு வரை

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் விசாவுக்கும் வீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். சாப்பாட்டை மட்டும் "போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். போன பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் வாரம் களைப்பில் வெளியே வாங்கிச் சாப்பிடுவது, அடுத்த வாரம் ரொட்டியும் நூடுல்ஸும், மூன்றாம் மாதம் பேண்ட் இறுக்கிப் பிடிப்பது. நானும் இதே வரிசையில்தான் போனேன்.

எது சத்தான உணவு என்று தெரியாததால் இப்படி ஆவதில்லை. சொந்த ஊரில் எந்தக் கடை, எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் சமைப்பது என்பதெல்லாம் நாம் யோசிக்காமலே நடந்துகொண்டிருந்தது. விமானம் ஏறியதும் அந்த ஏற்பாடு மொத்தமாகக் கழன்றுவிடுகிறது. தினமும் மூன்று வேளையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. களைத்த மூளை கண்ணுக்கு முன்னால் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் அற்புத உணவுகளின் பட்டியல் எதுவும் இல்லை. கழன்றுபோன ஏற்பாட்டைப் புது இடத்தில் எப்படித் திரும்பக் கட்டுவது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

இது வெறும் வசதி பற்றிய பேச்சும் அல்ல. 1965-ல் தொடங்கிய நி-ஹொன்-சான் என்ற ஆய்வு, ஜப்பானிலும் ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஒப்பிட்டது. இதய நோய் ஜப்பானில் இருந்தவர்களிடம் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிபோர்னியாவில் அதிகம். ஒரே வம்சாவளி, இடம்தான் வேறு. அந்த ஆய்விலிருந்து 1976-ல் வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவு இன்னும் சுவாரஸ்யமானது. அதற்கு இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் வருகிறேன்.

படி 1: கிளம்பும் முன்

பெட்டியில் எதை அடைப்பது என்பதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்: ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு, வைட்டமின் டி, பி12. அறிக்கையைக் கைபேசியில் பத்திரப்படுத்துங்கள். ஒரு வருடம் கழித்து இதைத் தேடுவீர்கள்.

அடுத்தது, ஐந்தே ஐந்து சமையலை அளவோடு கற்றுக்கொள்ளுங்கள். "கை அளவு", "கொஞ்சம்" என்று வீட்டில் சொல்வதை ஒருமுறை தராசில் வைத்து கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். புது ஊரில் பாத்திரம் வேறு, அடுப்பு வேறு, அரிசி வேறு. கைப்பழக்கம் கொஞ்ச நாள் ஏமாற்றும், எண் ஏமாற்றாது.

மின்சாதனம் கொண்டுபோகும் யோசனை இருந்தால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை மாற்றாது. அங்கே போய் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பாத்திரத்துக்கும் ஒரு சோதனை: அடியில் காந்தம் ஒட்டினால் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஆகும், ஒட்டாவிட்டால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

உணவுப் பொருளுக்குச் சுங்க விதிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாடுகளிலிருந்து பயணிகள் பெட்டியில் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவரப் பொதுவாகத் தடை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவு எதுவானாலும் படிவத்தில் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். அறிவித்துவிட்டால், மிஞ்சிப்போனால் பொருளைப் பறிகொடுப்பீர்கள், அவ்வளவுதான்.

படி 2: முதல் வாரம், கடைகளைப் படிப்பது

முதல் வாரத்தில் பெரிய மளிகைப் பட்டியல் போடாதீர்கள். மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கிவிட்டு, வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். மூன்று வகைக் கடைகளைக் கண்டுபிடிக்க வேண்டும்: தினசரிக்கு ஒரு சூப்பர்மார்க்கெட், காய்கறிக்கு ஒரு சந்தை, உங்கள் ஊர்ப் பொருளோ அதற்குப் பக்கத்தில் வரும் பொருளோ கிடைக்கும் கடை ஒன்று. மூன்றாவது கடை தூரத்தில் இருந்தால் பரவாயில்லை. மாதம் ஒருமுறை போனால் போதும். அங்கே கெடாத சரக்கை மட்டும் வாங்குங்கள்: பருப்பு, மசாலாப் பொருட்கள், அரிசி. அப்படிப்பட்ட கடையில் வாடிப்போன காயை ஊர்ப் பாசத்தில் இரட்டை விலைக்கு வாங்குவது நாம் எல்லோரும் ஒருமுறை செய்கிற தவறு.

குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று முதல் நாளே விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம் விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம்.

படி 3: லேபிள் படிக்கப் பழகுவது

ஒரு மணி நேரம் செலவழித்து இதைக் கற்றுக்கொண்டால் வருடக்கணக்கில் பலன் உண்டு. மொழி தெரியாத நாட்டில் பாக்கெட்டின் முன்பக்கம் வெறும் விளம்பரம். பின்பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. கைபேசிக் கேமராவில் மொழிபெயர்க்கும் செயலி பெரும்பாலான வேலையைச் செய்துவிடும்.

முதலில் உட்பொருள் பட்டியல். பெரும்பாலான நாடுகளில் எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பொருள் என்னவென்று தெரிந்துவிடும். பழுப்பு நிற ரொட்டி எல்லாம் முழுத்தானிய ரொட்டி ஆகிவிடாது. நிறம் மால்ட்டிலிருந்தோ கருக்கிய சர்க்கரையிலிருந்தோ வந்திருக்கலாம். "பல தானியம்" என்றாலும் அவை முழுத் தானியமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பட்டியலில் முதல் சொல்லே முழுத்தானிய மாவு என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் எண்கள். சில நாடுகளில் ஒரு பரிமாறலுக்கு இவ்வளவு என்று பெரிதாக எழுதியிருக்கும். பரிமாறல் என்பது நீங்கள் சாப்பிடுவதில் பாதியாக இருக்கும். இரண்டு பொருளை ஒப்பிட 100 கிராமுக்கான கணக்குதான் நியாயமானது. பிரிட்டனில் பாக்கெட்டின் முன்புறம் போடும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளத்துக்கான அளவுகோலை மனப்பாடம் செய்துகொண்டால் எந்த நாட்டிலும் உதவும். 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல் போனால் அதிகம், 5 கிராம் வரை குறைவு. கொழுப்பு 17.5-க்கு மேல் அதிகம், 3 வரை குறைவு. உப்பு 1.5-க்கு மேல் அதிகம், 0.3 வரை குறைவு.

உப்பில் ஒரு சிக்கல். ஐரோப்பிய லேபிளில் உப்பு என்று கிராமில் இருக்கும். அமெரிக்க லேபிளில் சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ரொட்டி, பாலாடைக்கட்டி, சாஸ், டின் சூப் எல்லாம் சேர்ந்தால், சமைக்கும்போது ஒரு சிட்டிகைகூடப் போடாமலே அந்த அளவு முடிந்துவிடும். ஆற்றல் கிலோஜூலில் எழுதியிருந்தால் பதறாதீர்கள், 4.2-ஆல் வகுத்தால் கிலோகலோரி வந்துவிடும்.

தேதியிலும் ஏமாறலாம். இந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பது பாதுகாப்பு பற்றியது, தாண்டினால் குப்பைதான். இந்தத் தேதி வரை தரமாக இருக்கும் என்பது சுவை பற்றியது. தாண்டினாலும் பெரும்பாலும் கெட்டிருக்காது. அமெரிக்காவில் மாதம் முதலில் வரும், ஜப்பானில் ஆண்டு முதலில். தாய்லாந்தில் 2570 என்று பார்த்தால் பொருள் அடுத்த ஐந்து நூற்றாண்டுக்குத் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது புத்த ஆண்டு, 543-ஐக் கழித்தால் 2027.

சைவர்களுக்கும் மத நெறிப்படி உண்பவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். மிட்டாயிலும் சில தயிர் வகைகளிலும் ஜெலட்டின் இருக்கும்; அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. பாலாடைக்கட்டியை உறைய வைக்கும் ரென்னெட் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். இ120 என்ற சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து கிடைப்பது. காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் இறைச்சிச் சாற்றில் செய்திருக்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்பக் கூடாது. "எனக்கு இது ஆகாது, சிறு துளியும் கூடாது" என்று உள்ளூர் மொழி தெரிந்தவரிடம் எழுதி வாங்கி, ஓர் அட்டையாகப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு தசையை மாற்றுவது

ஊர்ச் சாப்பாட்டை அப்படியே பெயர்த்து நட முயல்பவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துபோகிறார்கள், செலவும் கட்டுப்படியாகாது. அந்நாட்டுச் சாப்பாட்டுக்கு ஒரே நாளில் தாவுகிறவர்களுக்கோ, அந்த நாட்டுக்காரர்கள் வீட்டில் அன்றாடம் சாப்பிடுவது கண்ணில் படாது. விளம்பரத்தில் வருவதும் தெருமுனையில் விற்பதும்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது.

நீங்கள் வளர்ந்த சாப்பாட்டின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா மரபு உணவிலும் ஒரு தானியம், ஒரு பருப்போ முட்டையோ மீனோ இறைச்சியோ, இரண்டு காய், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கொழுப்பு, ஒரு மணம் இருக்கும். இந்த இடங்கள் அப்படியே இருக்கட்டும். இடத்தை நிரப்பும் பொருள் மட்டும் உள்ளூர்ச் சந்தையில் அந்த வாரம் மலிவாகக் கிடைப்பதாக இருக்கட்டும். பழகிய கீரை இல்லாவிட்டால் அங்குள்ள கீரை, பழகிய பருப்பு இல்லாவிட்டால் கொண்டைக்கடலையோ வேறு பயறோ, புளிப்புக்கு எலுமிச்சையோ தக்காளியோ. மணத்துக்கான மசாலாப் பொருள் மட்டும் உங்கள் ஊருடையதாக இருந்தால் நாக்கு சமாதானமாகிவிடும். சாப்பிட்ட திருப்திக்கு வாசனை எவ்வளவு பொறுப்பு என்பது வெளிநாட்டில்தான் புரியும்.

அளவுக்குத் தட்டுக் கணக்கு போதும். ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளி சொல்லும் தட்டில் பாதி காயும் பழமும், கால்வாசி முழுத்தானியம், கால்வாசி புரதம். பெரும்பாலான தட்டுகளில் தானியம்தான் பாதியையும் தாண்டி உட்கார்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 400 கிராம் காய் பழம் என்கிறது. 80 கிராமாக ஐந்து முறை என்று பிரித்துக்கொள்ளலாம். புரதம், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம், 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராம்.

உறைந்த காய்கறியை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். பறித்த சில மணி நேரத்திலேயே வெந்நீரில் காட்டி உறைய வைக்கிறார்கள். சத்தில் பச்சைக் காய்க்குச் சளைத்ததல்ல. நீண்ட தூரம் வண்டியில் வந்து கடையில் வாடிக் கிடப்பதைவிட மேல் என்றுகூடச் சொல்லலாம். டின்னில் வரும் பயறும் நல்லதுதான். தண்ணீரில் நன்றாக அலசினால் உப்பில் ஒரு பகுதி போய்விடும்.

படி 5: வாரத்தில் இரண்டு நாள் சமையல்

தினமும் சமைப்பேன் என்ற சபதம் மூன்றாவது வாரம் தாண்டாது. வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஒரு பெரிய பாத்திரம் பயறு, ஒரு தட்டு நிறைய அடுப்பில் வாட்டிய காய், ஒரு தானியம், ஆறு அவித்த முட்டை. முழுச் சமையலாக முடித்து வைக்காமல் பாதிச் சமையலாக வையுங்கள். அன்றன்று பத்து நிமிடத்தில் வேறு வேறு மணம் சேர்த்து முடித்துக்கொண்டால் "நேற்றையதே இன்றும்" என்ற சலிப்பு வராது.

எடுத்து வைத்துச் சாப்பிடும்போது பாதுகாப்பில் கவனம் தேவை. குளிர்பெட்டி 5 டிகிரி செல்சியஸுக்குள், உறைபெட்டி மைனஸ் 18. சோற்றில் தனி எச்சரிக்கை: வெந்த பிறகும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் உயிரோடு இருக்கும். சோறு வெளியில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு சூடாக்கினாலும் போகாது. சமைத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள் என்பது பிரிட்டன் உணவுத் தர முகமையின் அறிவுரை. பரப்பி வைத்தால் சீக்கிரம் ஆறும். மற்ற சமைத்த உணவுக்கு அமெரிக்க வேளாண் துறை தரும் கெடு 3 முதல் 4 நாள். அதற்கு மேல் வேண்டியதை உறைய வைத்து, மேலே தேதி ஒட்டுங்கள்.

இன்னொன்று, குறிப்பாக மெதுவாக வேக வைக்கும் மின்பானை வாங்கியவர்களுக்கு. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு உண்டு. குறைந்தது 5 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். மின்பானையின் இளஞ்சூடு போதாது. அரைவேக்காட்டில் நஞ்சு கூடவும் செய்யலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

படி 6: வேலை நேரமும் கொறிப்பதும்

இங்கே இரண்டே பேச்சு. மதிய உணவை முந்தின இரவே டப்பாவில் போட்டுவிடுங்கள். காலையில் போடலாம் என்று விட்டால் அது நடக்காது. அலுவலகத்தில் மணம் பற்றிய கூச்சம் இருந்தால் சூடாக்கத் தேவையில்லாத கலவையாகக் கட்டுங்கள்.

இரண்டாவது, பானம். புது ஊரில் ஏறும் எடையில் கணிசமான பங்கு குடிக்கும் வழியாகத்தான் வருகிறது என்பது என் எண்ணம். 330 மில்லி கோலா ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை. நாளுக்கு 2,000 கிலோகலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பே 50 கிராம். 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. பழச்சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். மதுவில் உள்ள ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கிலோகலோரி, ஏறக்குறைய கொழுப்புக்குச் சமம்.

படி 7: முதல் குளிர்காலம்

பூமத்திய ரேகையிலிருந்து வெகுதூரம் போனவர்களுக்கு இந்தப் படி. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக இருப்பதால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர் தரைக்கு வந்து சேர்வதே குறைவு. நிறம் அடர்ந்த தோலுக்கு வழக்கமாகவே அதிக நேரம் வெயில் வேண்டும். கொழுப்பு மீன், முட்டை மஞ்சள் கரு, செறிவூட்டிய பால் இவற்றில் கிடைக்கும். ஆனால் உணவை மட்டும் நம்பிச் சமாளிப்பது கடினம். பிரிட்டன் அரசு இலையுதிர்காலம் முதல் குளிர்காலம் முடிய எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கலாம் என்கிறது. கருத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது. மாத்திரையின் அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உப்பில் அயோடின் இருக்கும் என்று பலரும் சும்மா நம்பிக்கொண்டிருப்போம். சில நாடுகளில் கடை உப்பில் அது கிடையாது. அழகான பாக்கெட்டில் வரும் கடலுப்பிலும் பெரும்பாலும் இல்லை. ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். பால், மீன், முட்டை சாப்பிடாதவர்கள் அயோடின் சேர்த்தது என்று எழுதிய உப்பைத் தேடி வாங்குங்கள். முழுத் தாவர உணவுக்காரர்களுக்கு பி12 செறிவூட்டிய உணவிலோ மாத்திரையிலோ இருந்துதான் வர வேண்டும். இரும்புச் சத்துக்கு, பயறோடு எலுமிச்சை பிழிவது உதவும். சாப்பாட்டோடு டீ குடிப்பது கெடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

படி 8: தனியாகச் சாப்பிடாமல் இருப்பது

நி-ஹொன்-சான் ஆய்வுக்குத் திரும்புவோம். கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை மட்டும் எடுத்து, மைக்கேல் மார்மட், லெனர்ட் சைம் என்ற இருவர் 1976-ல் எழுதினார்கள். தங்கள் மரபுச் சமூகப் பிணைப்பை விடாமல் வைத்திருந்தவர்களிடம் இதய நோய் ஜப்பானில் உள்ள அளவுக்கே குறைவாக இருந்தது. உணவு, புகைபிடித்தல், ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றால் மட்டும் அந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் அறையில் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு பாக்கெட்டைக் காலி செய்த யாருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

செய்ய வேண்டியது எளிது. வாரத்தில் ஒரு வேளையை நிலையாக வையுங்கள்: அதே கிழமை, அதே நேரம், யாராவது ஒருவரோடு. ஒரு வாரம் நீங்கள் சமைத்தால் அடுத்த வாரம் அவர். அந்த நாட்டுக்காரர் ஒருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது. அவர்கள் வீட்டில் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியவரும். எனக்குக் கடையில் பெயர் தெரியாமல் ஒரு வருடம் கடந்துபோன மூன்று காய்களைச் சமைக்கச் சொல்லித்தந்தது பக்கத்து வீட்டுப் பாட்டிதான். விருந்தில் ஒன்று வேண்டாம் என்றால் நீண்ட விளக்கம் தேவையில்லை. போகும் முன்பே சொல்லிவிடுங்கள், கூடவே எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒன்றைச் சமைத்து எடுத்துப்போங்கள்.

படி 9: ஓராண்டு ஆனதும்

முதல் படியில் பத்திரப்படுத்திய ரத்தப் பரிசோதனை அறிக்கையை இப்போது எடுங்கள். அதே பரிசோதனைகளை மறுபடி செய்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலகுகளில் கவனம்: சில நாடுகளில் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்வார்கள், சில நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோலில். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். கொழுப்பில் கொலஸ்டிராலுக்கு அந்த எண் 38.67. இடுப்புச் சுற்றளவையும் ஒரு நாடாவில் அளந்து எழுதிவையுங்கள். எந்த எண் நகர்ந்திருக்கிறதோ அதற்குரிய படிக்கு மட்டும் திரும்பிப் போனால் போதும். சர்க்கரை ஏறியிருந்தால் தட்டையும் பானத்தையும் பாருங்கள், ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் டீ நேரத்தைப் பாருங்கள். இரண்டு அறிக்கையையும் மருத்துவரிடம் சேர்த்தே காட்டுங்கள். புது ஊர் மருத்துவருக்கு உங்கள் பழைய எண் வேறெங்கும் கிடைக்காது.